ஒழுகும் ரேடியேட்டர்: பற்றவைப்பதா, மாற்றுவதா?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

“பற்றவைத்தால் போதுமா, மாற்றித்தான் ஆகவேண்டுமா?” இந்தக் கேள்வியைக் கேட்டே வளர்ந்தவன் நான். என் தந்தையார் ரேடியேட்டர் பழுது பார்க்கும் பட்டறையில் இருபத்தைந்து ஆண்டுகளாகப் பணிபுரிகிறார். பள்ளிப் படிப்பை முடிக்காதவர். ஆயினும் அவர் கூறும் விடையில் எவ்வளவு அறிவியல் அடங்கியுள்ளது என்பதைக் கல்லூரிக்கு வந்த பின்னரே உணர்ந்தேன்.

பெட்ரோல் எரிந்து வெளிப்படும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே வண்டியை ஓட்டப் பயன்படுகிறது. மீதியில் ஒரு பகுதி புகையுடன் வெளியேறுகிறது. மற்றொரு பகுதியை எஞ்சினைச் சுற்றி ஓடும் நீர் ஏற்கிறது. அந்நீரைக் குளிர்விப்பதே ரேடியேட்டரின் வேலை. மெல்லிய குழாய்களில் நீர் ஓட, அவற்றை ஒட்டிய தகடுகளின் இடையே புகும் காற்று வெப்பத்தைக் கவர்ந்து செல்கிறது.

ரேடியேட்டரின் மூடி உள்ளே அழுத்தத்தைக் கூட்டி வைக்கிறது. அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் இருமடங்கானால், நீர் 100 டிகிரியில் அன்றி 120 டிகிரி செல்சியசில்தான் கொதிக்கும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் அழுத்தம் சட்டெனக் குறைந்து, நீர் அந்த நொடியே கொதித்துப் பீறிடும். என் தந்தையாரின் வலக்கையில் உள்ள தழும்பு இதற்குச் சான்று.

வண்டியின் அடியில் நீர் சொட்டினால் உடனே ரேடியேட்டரைக் குறை கூறலாகாது. ரப்பர் ஹோஸ், அதன் கிளிப், மூடி, நீர் பம்ப் ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். அவை நன்றாக இருந்தால் ரேடியேட்டரைக் கழற்றி, வாய்களை அடைத்து, உள்ளே காற்றைச் செலுத்தித் தொட்டி நீரில் அமிழ்த்துவார்கள். குமிழி வரும் இடமே ஓட்டை.

அடுத்து, அது எந்த உலோகம் என்று பார்க்க வேண்டும். பழைய அம்பாசிடர் போன்ற வண்டிகளில் செம்பும் பித்தளையும் இருக்கும். ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றாசு 190 டிகிரிக்குள் உருகத் தொடங்கிவிடும். பித்தளை உருகவோ 900 டிகிரி வேண்டும். துத்தநாகத்தைக் கரைத்த உப்புத் திராவகத்தால் துடைத்துப் பற்றவைத்தால் பிடித்துக்கொள்ளும். ஆகவே ஓரிரு ஓட்டைகளே இருந்தால் பற்றவைப்பதே சிக்கனம். குழாய்கள் பல இடங்களில் அரித்து, தகடுகள் தொட்டாலே உதிர்ந்தால் பற்றவைப்பது வீண்.

இன்றைய கார்களில் அலுமினியக் குழாய்களும் பிளாஸ்டிக் தொட்டிகளும் உள்ளன. அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகிவிடும். அதன்மேல் படியும் ஆக்சைடு ஏடோ 2000 டிகிரிக்கு மேலும் உருகாது. அந்த ஏடே பற்றாசை ஒட்டவிடாமல் தடுக்கிறது. பசை பூசுவது தற்காலிக உதவியே. தொட்டியில் மட்டும் வெடிப்பு என்றால் தொட்டியை மாற்றலாம். குழாயில் ஓட்டை என்றால் பெரும்பாலும் ரேடியேட்டரையே மாற்றுவது நலம்.

சில ஓட்டுநர்கள் மஞ்சள் தூளைப் போட்டு ஒழுகலை நிறுத்துவர். துகள்கள் ஓட்டையை அடைப்பது உண்மையே. ஆனால் அவை நல்ல குழாய்களையும் அடைத்துவிடும். அது ஊர் போய்ச் சேர மட்டுமே உதவும். உப்பு நீரை ஊற்றினால் குழாய்களில் காரை படியும். குறிப்பிட்ட அளவில் கூலன்ட் கலந்து ஊற்றினால் துருவும் காரையும் குறையும்.

அம்பாசிடர் உற்பத்தி 2014இல் நின்றுபோயிற்று. பற்றவைக்கும் வேலையும் ஆண்டுக்கு ஆண்டு குறைகிறது. சென்ற மாதம் ஒரு வாடகைக் கார்க்காரர் அலுமினிய ரேடியேட்டரைக் கொண்டுவந்து, “எப்படியாவது ஒட்டிக் கொடுங்கள்” என்று கெஞ்சினார். ஒட்டியிருந்தால் தந்தையாருக்கு அன்றைய கூலி கிடைத்திருக்கும். அவரோ, “மாத்திடுங்க தம்பி” என்று அனுப்பிவிட்டார். நான் காரணம் கேட்டேன். “நடுவழியில நின்னா அவன் பொழப்புல்ல போகும்?” என்றார்.

அன்று இரவு, ஈயம் நரம்பையும் இரத்தத்தையும் கெடுக்கும் நஞ்சு என்று நான் கற்றதை அவருக்கு எடுத்துச் சொன்னேன். அமைதியாகக் கேட்டுக்கொண்டார். மறுநாள் முதல் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் தேநீர்க் குவளையைத் தொடுவதில்லை. என் கல்லூரிக் கட்டணம் அந்த ஈயப் பற்றில் வந்தது. அதற்கு ஈடாக நான் இதுவரை தர முடிந்தது அந்த ஒரு செய்திதான், நண்பர்களே!