தேரோட்டி – 9: பன்னிரண்டு முட்டுக்கட்டைகள்

கர்ணன் நாகாஸ்திரத்தோடு நிற்கும்போது போன வாரம் முடிந்தது. கண்ணன் காலால் தேரை அழுத்தியதும், அம்பு அர்ஜுனனின் தலைக்குப் பதில் மகுடத்தைக் கொண்டுபோனதும் இந்த வாரம் வரவேண்டியவை. அதற்குள் அந்தக் கர்ணனின் சிற்பம் நிற்கும் கோயிலிலேயே இன்னொரு சிற்பம் வழிமறித்துவிட்டது.

திருநெல்வேலி டவுணிலிருந்து பாளையங்கோட்டை தாண்டித் திருச்செந்தூர் சாலையில் போனால் கிருஷ்ணாபுரம். பெயரை நம்பிக் கண்ணனைத் தேடுகிறவர்களுக்கு அங்கே முதல் ஏமாற்றம். ஊருக்குப் பெயர் தந்தவர் 16ஆம் நூற்றாண்டின் மதுரை நாயக்கர் கிருஷ்ணப்பர், மூலவர் வெங்கடாசலபதி. கர்ணனும் அர்ஜுனனும் கல்லில் நிற்கும் அந்தக் கோயிலில்தான் பீமனும் புருஷாமிருகமும் மல்லுக்கு நிற்கிறார்கள்.

புருஷாமிருகம் பாதி மனிதன், பாதி மிருகம், முழுச் சிவபக்தன். பாண்டவர் வேள்விக்கு அதன் பால் வேண்டும். அனுப்பப்பட்டவன் பீமன். கண்ணன் அவனுக்குக் கொடுத்தனுப்பியது கதையுமல்ல, வில்லுமல்ல. 12 ருத்திராட்சங்கள்.

“கோவிந்தா, கோபாலா” என்று பீமன் கத்தினான். தவம் கலைந்த புருஷாமிருகம் துரத்தியது. பிடிபடப்போகும் நேரத்தில் ஒரு ருத்திராட்சத்தைக் கீழே போட்டான்; அது லிங்கமாயிற்று. லிங்கத்தைக் கண்டபின் பூசை செய்யாமல் நகரமுடியுமா? குளித்து, பூசை முடித்து அது நிமிர்வதற்குள் பீமன் வெகுதூரம் போயிருந்தான். இப்படியே பன்னிரண்டு முறை.

ஆனித் திருவிழாவில் நெல்லையப்பர் தேரைப் பார்த்து வளர்ந்த டவுண்காரர்களுக்கு இந்த வித்தை பழக்கமானது. வடம் பிடிப்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். ஆனால் ரதவீதி முக்கில் தேர் நிற்பதும் திரும்புவதும் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர் கையில். கண்ணன் பீமனிடம் கொடுத்ததும் அதைத்தான். சக்கரம் மட்டும் எதிராளியுடையது; கட்டை அவனுடைய பக்தியிலேயே செய்தது.

வியாச பாரதத்தில் தேடவேண்டாம். இது தென்னாட்டார் சேர்த்த கதை. சேர்த்ததோடு விடவில்லை, ஓடவும் செய்கிறார்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் மகா சிவராத்திரியை ஒட்டிச் சிவாலய ஓட்டம். முஞ்சிறை திருமலையில் தொடங்கித் திருநட்டாலம் வரை 12 சிவன் கோயில்கள், 100 கிலோமீட்டருக்கு மேல். காவி வேட்டி, கையில் பனையோலை விசிறி. சிவனுக்கான ஓட்டத்தில் வாயில் வரும் கோஷம் “கோவிந்தா, கோபாலா”! பீமன் கத்தியதையே இன்றும் கத்துகிறார்கள். ஓட்டம் முடியும் திருநட்டாலத்தில் சங்கரநாராயணரும் உண்டு.

கடைசி ருத்திராட்சம் தீர்ந்தபின் என்ன ஆயிற்று? புருஷாமிருகத்தின் எல்லையைத் தாண்டும்போது பீமன் பிடிபட்டான்: ஒரு கால் இந்தப் பக்கம், ஒரு கால் அந்தப் பக்கம். வழக்கு தருமரிடம் போயிற்று. தம்பி என்று பார்க்காமல், பாதி உடல் புருஷாமிருகத்துக்கு என்று தீர்ப்புச் சொன்னார். அந்த நேர்மையில் மனம் குளிர்ந்து புருஷாமிருகம் பீமனை விட்டுவிட்டதாகக் கதை. கண்ணனின் உபாயம் எல்லைவரை கொண்டுவந்துவிட்டது. கடைசி ஒரு அடிக்குத் தருமர் தேவைப்பட்டார்.

தேரை அழுத்திய கதைக்கு இடமில்லாமல் போயிற்று. கிருஷ்ணாபுரத்துக் கர்ணன் 400 ஆண்டுகளுக்கு மேலாக அம்போடு நிற்கிறான். இன்னும் ஒரு வாரம் நிற்கட்டும்.

(தொடரும்)