மென்பொருள் கட்ட ஷெல் போதுமா?

2011-இல் முதல்வரான ஜெயலலிதா தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், மாணவர்களுக்கு விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் கிடைத்தது. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ், டெபியன் லினக்ஸின் வழி வந்தது. அதில் ஒவ்வொரு மென்பொருளும் ஒரு தொகுப்பு. மூலநிரலை எப்படிக் கட்டுவது, எந்தக் கோப்பை எங்கே வைப்பது என்று சொல்லும் செய்முறை ஒன்று ஒவ்வொரு தொகுப்புக்கும் உண்டு. அதை எந்த மொழியில் எழுதுகிறோம் என்பதைப் பொறுத்தே, நாளை அதைத் திருத்த யாரால் முடியும் என்பது அமைகிறது.

டெர்மினலில் நாம் தட்டும் கட்டளைகளை நிறைவேற்றும் ஷெல்லே அதற்கு ஏற்ற மொழி என்பேன். கையால் ஒருமுறை கட்டிப் பார்த்த கட்டளைகளைக் கோப்பில் எழுதிவிட்டால் செய்முறையில் பெரும்பகுதி முடிந்தது. புது மொழி கற்க வேண்டியதில்லை. ஆர்ச், ஜென்டூ லினக்ஸ்களின் செய்முறைகள் பாஷ் என்ற ஷெல்லில்தான் உள்ளன. தனக்கென்று ஒரு மொழியையே படைத்துக்கொண்ட நிக்ஸ் என்ற தொகுப்பு மேலாளர்கூட, கட்டும் படிகளைப் பெரும்பாலும் பாஷிடமே ஒப்படைக்கிறது.

ஷெல் ஆபத்தானது என்பார்கள். உண்மைதான். 2011-இல் பம்பிள்பீ என்ற மென்பொருளை நிறுவும் ஷெல் நிரலில் தவறி விழுந்த ஒரே ஒரு இடைவெளி, பெரும்பாலான மென்பொருள்கள் இருக்கும் யுஎஸ்ஆர் அடைவு முழுவதையும் அழிக்கும் கட்டளையாகிவிட்டது. ஆனால் அந்த நிரல் ரூட் என்ற முழு நிர்வாக அதிகாரத்தோடு ஓடியது. கட்டும் வேலைக்கு அந்த அதிகாரம் தேவையே இல்லை. ஆர்ச்சில் தொகுப்புகளைக் கட்டும் மேக்பிகேஜி கருவி ரூட்டாக ஓடவே மறுக்கிறது. 2024-இல் எக்ஸ்இசட் மென்பொருளில் புகுத்தப்பட்ட கள்ளவழியும் கட்டும்போது ஓடும் ஷெல் வரிகள் வழியாகத்தான் உள்ளே நுழைந்தது. கட்டும்போது ஓடும் எந்த மொழியின் வழியாகவும் அப்படி நுழைக்கலாம்; பலர் வாசிக்கக்கூடிய மொழியில் இருப்பதே நமக்குப் பாதுகாப்பு.

இதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. ஆர்ச் செய்முறையில் பெயரும் பதிப்பு எண்ணும், தேவைப்படும் பிற தொகுப்புகளைச் சொல்லும் சார்புகளும்கூட ஷெல் மாறிகள். பதிப்பு எண்ணை உறுதியாக அறிய, முன்பின் தெரியாதவர் எழுதிய நிரலை ஓட்டியாக வேண்டும். இதைத் தவிர்க்கவே ஆர்ச் பயனர் களஞ்சியம் அந்த விவரங்களைத் தனி உரைக்கோப்பாகவும் கேட்கிறது. டெபியனோ இதை முதலிலேயே பிரித்துவிட்டது: பெயரும் சார்புகளும் 'கண்ட்ரோல்' என்ற உரைக்கோப்பில்; செய்ய வேண்டியவை மேக் என்ற கட்டும் கருவிக்கான 'ரூல்ஸ்' கோப்பில், அதன் கட்டளை வரிகள் ஷெல்லுக்குப் போகின்றன. தகவலுக்கு வெறும் உரை, செயலுக்கு ஷெல் என்ற இந்தப் பிரிவினையே சரி.

திருச்சிக் கல்லூரிகளில் ஷெல் கற்பிக்கும் ஆசிரியர்கள், பகா எண் கண்டுபிடிக்கும் பயிற்சியோடு நின்றுவிட வேண்டாம். ஒரு தமிழ் எழுத்துருவை டெபியன் தொகுப்பாகக் கட்டும் வேலையை மாணவர்களிடம் கொடுங்கள்.