உங்களுக்குத் தெரியுமா? - ‘அளவாகக் குடித்தால் நல்லது’

தினமும் ஒரு கிளாஸ் ரெட் ஒயின் இதயத்துக்கு நல்லது என்ற பேச்சு பெரிதாகக் கிளம்பியது 1991-இல். வெண்ணெயும் சீஸும் தாராளமாகச் சாப்பிடும் பிரெஞ்சுக்காரர்களுக்கு மாரடைப்பு குறைவு, அதற்கு ஒயின் காரணமாக இருக்கலாம் என்றது அமெரிக்காவின் ‘60 மினிட்ஸ்’ டி.வி. நிகழ்ச்சி. அங்கே ரெட் ஒயின் விற்பனை எகிறிவிட்டது.

இதயத்தைக் காப்பதாக ஒயினில் புகழப்படும் ரெஸ்வெரட்ரால் என்ற பொருள், பொதுவாக லிட்டருக்குச் சில மில்லிகிராம்தான் தேறும். அது வேர்க்கடலையிலும் உண்டு!

குடிக்காதவரைவிடக் கொஞ்சமாகக் குடிப்பவருக்கு மாரடைப்பு குறைவு என்று பல ஆய்வுகள் காட்டியது உண்மைதான். ஆனால், அந்தக் ‘குடிக்காதவர்’ யார்? பிரிட்டனில் ஷேப்பர் என்ற ஆய்வாளரின் குழுவினர் 1988-இல் இதைத்தான் கேட்டார்கள். உடம்பு கெட்டுப்போனதால் குடியை விட்டவர்களும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். நோயாளிகளையும் சேர்த்து ஒப்பிட்டால், குடிப்பவர் தெம்பாகத்தானே தெரிவார்? பின்னால் வந்த ஆய்வுகள் இவர்களைப் பிரித்துக் கணக்குப் போட்டபோது, அந்த நன்மையில் பெரும்பகுதி காணாமல் போனது.

அதே 1988-இல்தான் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, மதுவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. வாய், தொண்டை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல், பெண்களுக்கு மார்பகம் என்று பட்டியல் நீளும். மார்பகப் புற்றுநோய் அபாயம் தினம் ஒரு கிளாஸிலேயே கூடத் தொடங்குகிறது.

‘அளவு’ என்பது எவ்வளவு? பிரிட்டன் அரசின் மருத்துவர்கள் சொல்லும் உச்சவரம்பு வாரத்துக்கு 14 யூனிட். ஒரு யூனிட் என்பது 10 மில்லி சுத்த ஆல்கஹால். நம் ஊர் குவார்ட்டர் 180 மில்லி, அதில் ஆல்கஹால் 42.8 சதவீதம். கணக்குப் போட்டால் 77 மில்லி, அதாவது ஏறக்குறைய எட்டு யூனிட். வாரத்துக்கு இரண்டு குவார்ட்டர் போனாலே வரம்பு தாண்டிவிடுகிறது. பாதி குவார்ட்டரை ‘கட்டிங்தானே’ என்பவர் கணக்கில் ஏறக்குறைய நான்கு யூனிட்.

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவர் வெறும் வயிற்றில் குடித்தால், ரத்தச் சர்க்கரை அபாயகரமாக இறங்கலாம். தடுமாற்றம், குழறல் எல்லாம் போதை போலவே இருக்கும். பக்கத்தில் இருப்பவர் ‘தூங்கட்டும்’ என்று விட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து.

குடிக்காதவர் இதயத்துக்காக என்று தொடங்க வேண்டாம். தினமும் நிறையக் குடிப்பவர் சட்டென்று தானாக நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம். அவரை டாக்டரிடம் அழைத்துப் போங்கள். அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவிலும் இதற்குச் சிகிச்சை உண்டு.