கப்பலில் வந்த காக்கா ஆழி

நம் அங்கத்தினர்களுள் நிலம் உழுவோருக்குப் பார்த்தீனியத்தைப் பற்றி நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அயல்நாட்டிலிருந்து வந்த அக்களை வயலில் ஏறினால் மற்றப் பூண்டுகளுக்கு இடமின்றிப் போவதை அவர்கள் கண்ணாரக் கண்டவர்கள். அதுபோன்ற காரியம் ஒன்று சென்னைக்கு வடக்கே எண்ணூர்க் கழியில், நீருக்கடியில் நிகழ்ந்து வருகின்றது.

கொசஸ்தலையாறு கடலோடு கலக்கும் அக்கழியின் இறாலும் நண்டும் மஞ்சள் மட்டியும் மீனவர்களுக்கும், கையாலேயே சேற்றைத் துழாவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களுக்கும் தலைமுறை தலைமுறையாகச் சோறு போட்டு வந்தன. சில ஆண்டுகளாக அங்கே கரிய ஓடுடைய சிறு சிப்பி ஒன்று படர்ந்துள்ளது. மீனவர் அதனைக் காக்கா ஆழி என்கின்றனர். மத்திய, தென் அமெரிக்கக் கரைகள் அதன் தாயகம். நூல் போன்ற இழைகளை விட்டு ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, சேற்றின்மேல் ஜமுக்காளம் விரித்தாற்போல் மூடிவிடுகின்றது. நம் நெசவாளர் கண்டால் அந்த நெருக்கத்தை வியப்பர்! ஆனால் அதனடியில் இறால் புதையவும் மட்டி வாழவும் இடமில்லை. துழாவும் கைகளை ஓட்டின் விளிம்பு அறுக்கின்றது.

இது தானாக நீந்தி வந்ததன்று. சரக்கில்லாத கப்பல் அலையில் தள்ளாடாதிருக்க, அடித்தொட்டிகளில் கடல்நீரை நிரப்பிக்கொள்ளும். சரக்கேற்றும் துறையில் அந்நீரை வெளியே விடும். அதனோடு கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகளும் இறங்கிவிடும். அவ்வாறே இதுவும் வந்திருக்க வேண்டுமென ஆய்வாளர் கருதுகின்றனர். வந்த இடமோ ஏற்கெனவே நலிந்த இடம். அனல்மின் நிலையச் சாம்பல் பல்லாண்டுகளாகப் படிந்த கழி அது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் அதில் பரவிற்று.

எண்ணூரில் ஓர் இனம் அடியோடு அற்றுப்போயிற்று என்று நாம் கூறவில்லை. ஆனால் குவாம் தீவில் நடந்ததைக் கேளுங்கள். இரண்டாம் உலகப் போரை அடுத்து ராணுவச் சரக்கோடு அங்கு வந்திறங்கிய பழுப்பு மரப்பாம்பு, 12 வகைக் காட்டுப் பறவைகளுள் 10 வகையைக் காட்டினின்று துடைத்துவிட்டது. உலகில் வேறெங்குமில்லாத குவாம் ஈப்பிடிப்பான் 1980-களில் மறைந்தே போயிற்று. உலகில் பதிவான உயிரின அழிவுகளுள் 100-க்கு 60-ல் இத்தகைய அயல் உயிர்களுக்குப் பங்குண்டு என்று 2023-ல் பன்னாட்டு அறிஞர் குழு கணக்கிட்டது.

கப்பல்களின் தொட்டி நீரைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கை 2017 செப்டம்பரில் அமலுக்கு வந்தது. நல்லதே. ஆயினும் ஏற்கெனவே படர்ந்ததை அது அகற்றாது. வாரித்தான் எடுக்க வேண்டும். அதற்குள் காக்கா ஆழி வடக்கே பழவேற்காட்டு ஏரியிலும் காணப்பட்டுவிட்டது.