வீட்டுக்கு வந்தார் பாக்!

சேலத்திலிருந்து ராசிபுரம் வழியாக நாமக்கல் போகிற பேருந்தில் இளையராஜா பாட்டுக்கு என்றைக்குமே பஞ்சமில்லை. எஸ்.பி.பி. பல்லவியை முடிப்பார், ஜானகி சரணத்தை எடுப்பதற்குள் ஒரு வயலின் கூட்டம் பாய்ந்து வந்து நெஞ்சைக் குலுக்கிவிட்டு ஓடிவிடும். அடடா, இன்னும் கொஞ்சம் இருந்தால்தான் என்ன? அந்த ஏக்கத்தைத் தீர்க்க 1986-ல் வந்தது ராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்?’ ஆல்பம். கதாநாயகன் இல்லை, டூயட் இல்லை, முழுக்க வாத்தியங்களின் ராஜ்ஜியம்!

தலைப்புகளிலேயே குறும்பு தொடங்கிவிடுகிறது. ஒன்று, ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’. பாக் வீட்டுக்கே வந்துவிட்டாராம்! அடுத்தது, ‘அண்ட் வீ ஹேட் எ டாக்’. உட்கார்ந்து பேசியும் விட்டார்கள்! ஜெர்மனியின் இசைமேதை பாக் காலமானது 1750-ல். தியாகராஜர் பிறந்ததே 1767-ல். அந்த இருவருக்கும்தான் இந்த ஆல்பம் காணிக்கை.

சரி, ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’ உள்ளே எட்டிப் பார்ப்போம். பாக் தனி வயலினுக்கென்றே எழுதிய இ மேஜர் பார்ட்டிட்டாவின் முகப்பு, மூச்சுவிட நேரம் தராத ஓட்டம். வி.எஸ்.நரசிம்மனின் வில் அதில் பறக்கிறது. பக்கவாத்தியமே வேண்டாமென்று பாக் எழுதிய அந்த ஓட்டத்தின் மேல் ராஜா தன் மெட்டைப் படரவிடுகிறார். என்ன துணிச்சல்!

‘மேட் மாட் மூட் ஃபியூக்’ இன்னொரு கொண்டாட்டம். ஃபியூக்கில் ஒரு குரல் மெட்டைச் சொல்லி முடித்ததும் இன்னொன்று அதையே பஞ்சமத்தில் பிடித்துக்கொள்ளும். முதலாவது சும்மா இருக்குமா? எதிர்ப்பேச்சு பேசும். மூன்றாவது குறுக்கே புகும். பள்ளிக்கூட இடைவேளை மாதிரி ஒரே களேபரம், ஆனால் ஒரு சுரம்கூட இடறாது!

இடறாததற்குக் காரணம் காகிதத்தில் இருக்கிறது. தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்த ராஜா, ஒவ்வொரு வாத்தியத்துக்கும் சுரக்குறிப்பைத் தன் கையாலேயே எழுதுபவர். வாசிப்பவரின் தாளில் அவரவர் பங்கு மட்டும்தான். முழுச் சித்திரம் ராஜாவின் தலைக்குள்! எல்லோரும் சேர்ந்து வாசிக்கும் அந்த முதல் நொடியில் அந்த அறையில் இருப்பதற்கு நான் எதை வேண்டுமானாலும் கொடுப்பேன்.

பாலு மகேந்திராவும் சொக்கித்தான் போனார். பாட்டே இல்லாத தன் ‘வீடு’ படத்துக்கு இந்த இசையையே பின்னணியாக்கினார். ‘வீடு’ வந்த அதே 1988-ல் ராஜாவின் அடுத்த விளையாட்டு, ‘நத்திங் பட் விண்ட்’. புல்லாங்குழலோடு ஹரிபிரசாத் சௌராசியா! அதில் ஒரு தலைப்பு, ‘மொசார்ட், ஐ லவ் யூ’. பாக் விடைபெற்றுப் போக, மொசார்ட் வாசலில் நிற்கிறார்!