எஞ்சினுக்குள் தண்ணீர்: எது உதவும், எது உதவாது

2019 மே மாதம் கோவையிலிருந்து ஒரு செய்தி நாடெங்கும் பரவியது. வாலை வடிநீரில் ஓடும் எஞ்சினை இவ்வூர்ப் பொறியாளர் ஒருவர் பத்தாண்டு உழைப்பில் உருவாக்கியிருப்பதாகவும், அது ஜப்பானில் அறிமுகமாகப் போவதாகவும் அச்செய்தி சொன்னது. பம்புசெட்டும் மோட்டாரும் செய்து பழகிய ஊரில் இப்படியொரு ஆசை பிறப்பது இயல்பு. பெட்ரோலுக்குத் துணையாகத் தண்ணீரைப் பயன்படுத்தலாம் என்று விற்கப்படும் ஹைட்ரஜன் கிட்டுகளும் இந்த ஆசையை நம்பித்தான் வருகின்றன. வாங்குமுன் கணக்கைப் பார்த்துவிட வேண்டும்.

விறகுக்குச் சாம்பல் எப்படியோ, ஹைட்ரஜனுக்குத் தண்ணீர் அப்படி. எரிந்து முடிந்ததை மறுபடி ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்க, எரிந்தபோது வெளிவந்த ஆற்றல் முழுவதையும் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு அது சுமார் 4.4 யூனிட் மின்சாரம். நடைமுறையில் ஐந்து யூனிட்டைத் தாண்டும்.

காரின் மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து, வரும் வாயுவை எஞ்சினுக்குள் விடும் ஆறு செல் கிட் ஒன்று, பானெட்டுக்குள் 12 வோல்ட்டில் 20 ஆம்பியர் இழுப்பதாகக் கொள்வோம். அது 240 வாட். கிடைக்கும் வாயு நிமிடத்துக்கு ஒன்றேகால் லிட்டர். 1200 சிசி எஞ்சின் 2000 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்கு 1200 லிட்டர் உள்ளிழுக்கிறது. அதில் இந்த வாயு ஆயிரத்தில் ஒரு பங்குதான். அந்த 240 வாட்டைத் தருவது ஆல்டர்னேட்டர். அதைச் சுழற்றும் எஞ்சின், பெட்ரோல் ஆற்றலில் பெரும்பகுதியை வெப்பமாக இழக்கிறது. ஆகவே அதற்கென ஆயிரம் வாட்டுக்கு மேல் பெட்ரோல் எரிகிறது. ஹைட்ரஜனாகத் திரும்புவதோ 180 வாட்டுக்குள். நஷ்டம் நமக்குத்தான். போதாக்குறைக்கு, சிறு பொறியிலும் பற்றிக்கொள்ளும் வாயு சூடான எஞ்சின் அருகே இருக்கிறது.

ஆனால் தண்ணீர் எஞ்சினுக்கு உண்மையாகவே உதவும் வழி ஒன்று உண்டு. அது நீர்த்தெளிப்பு. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக 2,260 கிலோ ஜூல் வெப்பத்தை உறிஞ்சுகிறது. உள்ளிழுக்கும் காற்றில் அதைப் பொடித்துளியாகத் தூவினால் காற்று குளிர்ந்து அடர்த்தியாகும், எரிபொருள் கலவை தானாகப் பற்றி எஞ்சின் தட்டும் நாக்கிங் அடங்கும். டர்போ எஞ்சின்களில் சூட்டைத் தணிப்பதற்கென்றே கூடுதலாகப் பெட்ரோல் தெளிப்பதுண்டு. அந்த வேலையைத் தண்ணீர் ஏற்றுக்கொள்வதால் பெட்ரோல் மிஞ்சுகிறது.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் தண்டர்போல்ட் போர்விமானம் இம்முறையைப் பயன்படுத்தியது. 1962இல் ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்ஃபயர் கார், தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தெளித்தது. பிஎம்டபிள்யூ எம்4 ஜிடிஎஸ் காரில் இதற்கெனத் தனித் தண்ணீர்த் தொட்டியே உண்டு. அதன் தொழில்நுட்பத்தைத் தந்த பாஷ் நிறுவனம் 13 சதவீதம் வரை எரிபொருள் மிச்சமாகும் என்றது. சூடேறும் டர்போ எஞ்சினில், முழு விசையில் ஓட்டும்போதுதான் இந்தப் பலன். டர்போ இல்லாத காரை ஊருக்குள் மெதுவாக ஓட்டுபவருக்கு இதனால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது.

தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் எடுப்பதே வீண் என்று இதற்குப் பொருளில்லை. பல்லடம், உடுமலைக் காற்றாலை மின்சாரத்தால் பிரித்துச் சேமித்தால் அது நல்ல எரிபொருள். அப்போதும் ஆற்றல் காற்றுடையது. தண்ணீர் அதைச் சுமக்கும் மூலப்பொருள் மட்டுமே.

கிட் விற்பவரிடம் ஒரு சோதனை கேளுங்கள். டேங்கை நிரப்பி, ஒரே சாலையில், ஒரே வேகத்தில், கிட்டை இயக்கியும் நிறுத்தியும் பலமுறை ஓட்டி, மறுபடி நிரப்பி அளக்கட்டும். நம் பட்டறைகளில் மோட்டாரை ஆம்பியர் பார்க்காமல் யாரும் வாங்குவதில்லை. தண்ணீர் எஞ்சினையும் அதே கண்டிப்போடு அளந்து பார்ப்பதே, உழைத்துக் கண்டுபிடிப்பவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை.