முடங்கிய கால்களும் மங்கிய கண்களும்



ஓடி விளையாடுதல் வெறும் பொழுதுபோக்கு என்று பெரியோர் பலர் எண்ணுகின்றனர். அஃது உணவை ஒத்த தேவை என்பதைக் கொரோனாக் கொள்ளைநோய் உணர்த்திற்று.

2020 மார்ச்சுத் திங்களில் ஸ்பெயின் நாட்டுச் சிறுவர் வீட்டினுள் அடைபட்டனர். ஆறு வாரங்கள் கழித்து, ஏப்ரல் 26-ஆம் நாள்தான், நாளுக்கு ஒரு மணி நேரம் வெளியே உலவ இசைவு பெற்றனர். இத்தாலியின் வெரோனா நகரில் உடற்பருமன் மிக்க 41 பிள்ளைகளை ஆராய்ந்தனர். அவர்கள் விளையாடும் நேரம் வாரத்துக்கு 2 மணிக்குமேல் குறைந்திருந்தது. திரைமுன் அமரும் நேரமோ நாளுக்கு ஏறத்தாழ 5 மணி கூடியிருந்தது.

கண்ணும் தப்பவில்லை. சீனத்து ஃபெய்செங் நகரில், 2015 முதல் 2019 வரை ஆறு வயதினரிடையே கிட்டப்பார்வை நூற்றுக்கு 6 என்ற அளவை எட்டியதில்லை. 2020-இல் அது 21.5 ஆயிற்று. காரணம் யாது? வெளியொளி விழித்திரையில் டோபமின் என்னும் பொருளைச் சுரக்கச் செய்து, விழிக்கோளம் மிகையாக நீளாமல் காக்கிறது என்று அறிஞர் கருதுகின்றனர். நீண்டுவிட்ட விழியில் தொலைப்பொருளின் உருவம் விழித்திரைக்கு முன்னரே விழும்; பார்வை மங்கும்.

திரையை நான் பழிக்கவில்லை. மூடிய பள்ளியின் பாடத்தை வீட்டுக்குக் கொணர்ந்தது அதுவே. ஆனால், 5 முதல் 17 வயதினர்க்கு நாள்தோறும் சராசரியாக 60 நிமிட உடலியக்கம் வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். தேர்வு நெருங்கினால் விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குப் பாடம் விழுங்குவதைத் தலைமையாசிரியனாகப் பல பள்ளிகளில் கண்டிருக்கிறேன். ஊரடங்கு நீங்கிற்று, இவ்வடக்குமுறை நீங்கவில்லை. அந்தப் பாடவேளை உங்களுடையது. பணிவோடு, ஆனால் தயங்காது, கேட்டுப் பெறுங்கள்.